காவிரி யாருக்கு? பத்தாம் வகுப்புப் புவியியலில் ஓர் உரையாடல்: நிகழ்வு ஆய்வு

காவிரி டெல்டாவில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியை ஒருவர், காவிரி ஆற்றைப் பற்றிய பகுதியை மட்டும் வழக்கமான விளக்க முறையை விட்டுவிட்டு, தொடர்ந்து நான்கு பாடவேளைகளில் உரையாடலாகவே நடத்தினார். நான் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருப்பவன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்த வகுப்புகளைக் கவனிக்க அவர் அனுமதித்தார். பள்ளி, ஊர், மாணவர் பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

இந்த ஆய்வில் நான் முன்வைப்பது ஒன்றுதான். நாட்டின் பெருமைகளைப் பட்டியல் போட்டுச் சொல்லி தேசிய உணர்வை வளர்த்துவிட முடியாது. நாட்டுக்குள்ளேயே நம்மைப் பிரித்து நிறுத்தும் ஒரு வழக்கை மாணவர் முன் வைத்து, வரைபடமும் புள்ளிவிவரமும் கையில் இருக்க அவர்களைப் பேசவிட்டால் அது வேர்பிடிக்கும். அதற்குப் புவியியலைவிடப் பொருத்தமான பாடம் இல்லை.

பின்னணி

பத்தாம் வகுப்புப் புவியியலின் முதல் அலகிலேயே இந்தியாவின் வடிகாலமைப்பு வந்துவிடுகிறது. தலைக்காவிரியில் உற்பத்தி, சுமார் 800 கிலோமீட்டர் நீளம், ஹேமாவதி, கபினி, பவானி, நொய்யல், அமராவதி என்று துணையாறுகள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு இவ்வளவு போதும். இதே மாணவர்கள் வீட்டில் கேட்டு வளரும் காவிரி வேறு. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா, குறுவைக்கு நாற்று விடலாமா, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமா என்பதுதான் அங்கே பேச்சு. 2023-இல் அணை உரிய நாளில் திறந்தும், தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியதால் குறுவை கருகியதைப் பலர் சொந்த வயலில் பார்த்தவர்கள். மறு ஆண்டு ஜூலை இறுதியில் அணை 120 அடியைத் தொட்டு, உபரி நீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனதையும் பார்த்தவர்கள்.

காலை வணக்கக் கூட்டத்தில், இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள் என்று உறுதிமொழி எடுக்கும் மாணவன், இரண்டாம் பாடவேளையில் ‘கர்நாடகாக்காரர்கள் நமக்குத் தண்ணீர் விடமாட்டார்கள்’ என்கிறான். இரண்டையும் மனமாரத்தான் சொல்கிறான். ஒன்று மற்றொன்றைத் தொடுவதே இல்லை. இரண்டும் ஒரே வகுப்பறையில் சந்திக்க வேண்டும் என்பதுதான் ஆசிரியையின் நோக்கம்.

முதல் பாடவேளை: எல்லைக்கோடு இல்லாத வரைபடம்

மாநில எல்லைகள் இல்லாத தென்னிந்திய நிலத்தோற்ற வரைபடம் ஒன்றை அவர் கரும்பலகையில் மாட்டினார். பூம்புகாரிலிருந்து தொடங்கி, ஆற்றின் எதிர்த்திசையில் விரலை நகர்த்திக்கொண்டே போகச் சொன்னார். கல்லணை, முக்கொம்பு, மேட்டூர், ஒகேனக்கல் வரை விரல்கள் தடையில்லாமல் போயின. அதற்கு மேல் தயங்கின. சிவசமுத்திரத்தையும் கிருஷ்ணராஜசாகரையும் இருவர் மட்டுமே காட்டினார்கள். கபினி வயநாட்டிலிருந்து, அதாவது கேரளத்திலிருந்து வருகிறது என்பதை யாரும் சொல்லவில்லை.

அப்போது அவர் கேட்டார்: “ஜூலை மாதம் மேட்டூருக்கு வரும் தண்ணீர் எந்த ஊரில் பெய்த மழை?”

கேட்டுவிட்டு அமைதியாக நின்றார். வகுப்பறை ஆய்வுகளைப் படித்தவர்களுக்கு இந்த அமைதியின் மதிப்பு தெரிந்திருக்கும். வினா கேட்ட ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினாலே மாணவரின் விடை நீண்டு, காரணமும் சேர்ந்து வருகிறது என்றும் 1970-களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அமெரிக்கப் பள்ளிகளில் கண்டறிந்தார். இங்கேயும் அதுவே நடந்தது. முதலில் ‘தென்மேற்குப் பருவமழை’ என்று ஒரு சொல் விடை வந்தது. அவர் இன்னும் காத்திருக்க, ஒரு மாணவி எழுந்து முழுமையாகச் சொன்னாள்: மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமும் உச்சியும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நனைகின்றன, நாம் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறோம், நமக்குப் பெருமழை அக்டோபருக்கு மேல்தான், ஆகவே குறுவைக்குக் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழைதான் கதி.

“அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் விடுகிறார்கள் டீச்சர். நம் தண்ணீரைத் திருடுகிறார்கள்” என்றான் நடு வரிசை மாணவன் ஒருவன். வகுப்பில் பலத்த ஆமோதிப்பு.

இந்த இடத்தில் பெரும்பாலான ஆசிரியர்கள் செய்வது இரண்டில் ஒன்று. ‘அப்படியெல்லாம் பேசக்கூடாது, நாம் எல்லோரும் இந்தியர்கள்’ என்று அடக்குவார்கள். அல்லது தாமும் சேர்ந்து தலையாட்டுவார்கள். இவர் இரண்டையும் செய்யவில்லை. பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் மாணவன் சொன்னதை அப்படியே எழுதினார். “இது உண்மையா என்று முடிவு செய்ய நமக்கு என்னென்ன தெரிய வேண்டும்?” என்று வலப்பக்கத்தைக் காட்டிக் கேட்டார். மொத்தத் தண்ணீர் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்று யார் முடிவு செய்தது, மழை குறைந்தால் என்ன கணக்கு, அவர்களுடைய அணைகள் எத்தனை என்று வலப்பக்கம் நிரம்பியது. கோபம் கேள்வியாக மாறிய அந்தச் சில நிமிடங்களை இந்த நிகழ்வின் திருப்புமுனையாகக் கருதுகிறேன். மாணவனின் மனக்குறை பலகையில் இடம் பெற்றது. அதோடு அது சோதனைக்கும் உட்பட்டது.

இரண்டாம் பாடவேளை: எண்கள் பேசியபோது

மறுநாள் ஒரே ஒரு தாள் எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. காவிரி நீர்ப் பங்கீட்டைத் தீர்க்க நடுவர் மன்றம் 1990-இல் அமைக்கப்பட்டது, 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் செய்த மாற்றம் ஆகியவை அதில் இருந்தன. ஆற்றில் கிடைப்பதாகக் கணக்கிடப்பட்ட மொத்த நீர் 740 டி.எம்.சி. தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழலுக்காக 10, தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதாக 4. டி.எம்.சி. என்ற சொல்லைத் தினமும் செய்தியில் கேட்டும், அது நூறு கோடி கன அடி என்பது பெரும்பாலோருக்குப் புதுச் செய்தி.

தமிழ்நாட்டின் பங்கு கர்நாடகத்தின் பங்கைவிடப் பெரியது என்பதே பலரைத் திகைக்கவைத்தது. அதற்குள் ஒரு மாணவன் கழித்துப் பார்த்துவிட்டான். கர்நாடகம் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் விட வேண்டியது 177.25 டி.எம்.சி. என்றால் மீதி 227 எங்கிருந்து வருகிறது? நம் எல்லைக்குள்ளேயே கிடைப்பதாகக் கணக்கில் கொள்ளப்பட்டது அது. “அப்படியென்றால் நம் மழையை நாம் என்ன செய்கிறோம்?” என்று அவனே கேட்டான். ஏரி, குளம் தூர்வாரல் பற்றிய பேச்சு பத்து நிமிடம் ஓடியது. மாதவாரி அட்டவணையில் ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76 என்று இருப்பதைக் கூட்டி, அந்த மூன்று மாதங்களுக்குள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வந்தாக வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். முந்தைய நாள் படித்த பருவமழை இப்போது சட்ட ஆவணத்துக்குள் தெரிந்தது. பாடம் பாடமாகவே இருந்து பயன்பட்ட இடம் இது.

அணைகளைப் பற்றிய பேச்சு இன்னும் சூடானது. கிருஷ்ணராஜசாகரும் மேட்டூரும், அன்றைய மைசூர், சென்னை அரசுகள் காவிரி நீர் பற்றிச் செய்துகொண்ட 1924 ஒப்பந்தத்தை ஒட்டி 1930-களில் பயன்பாட்டுக்கு வந்தவை. முன்னதன் கொள்ளளவு 49.45 டி.எம்.சி., மேட்டூருடையது 93.47. ‘நம் அணைதான் பெரியது’ என்று ஒரு குழு வாயடைத்துப்போக, இன்னொரு குழு விடவில்லை. கபினி, ஹேமாவதி, ஹாரங்கி ஆகியவற்றையும் சேர்த்தால் கர்நாடகத்தின் தேக்கம் 114 டி.எம்.சி.யைத் தாண்டுகிறது, அந்த மூன்றும் பின்னால் கட்டப்பட்டவை என்று எடுத்துக்காட்டியது. இரண்டும் சரியான தகவல்கள். எந்தத் தகவலை மட்டும் பிடித்துக்கொண்டால் எந்த முடிவு வரும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே மாணவர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள்.

பிறகு நான்கு குழுக்கள்: கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி. ‘திருடுகிறார்கள்’ என்று சொன்ன மாணவனை ஆசிரியை கர்நாடகக் குழுவில் சேர்த்தார். அந்தந்த மாநிலத்தின் தேவையை, வரைபடச் சான்றோடு, அங்குள்ள ஓர் உழவரின் இடத்திலிருந்து எழுத வேண்டும். அவன் மாண்டியாவை எடுத்துக்கொண்டான். அதுவும் மலைக்குக் கிழக்கே மழை மறைவில் கிடக்கும் நிலம், கரும்பும் நெல்லும் பயிராகும் நிலம், அணைநீர் வராவிட்டால் அங்கேயும் வயல் வெடிக்கும் என்று எழுதினான். பெங்களூரின் குடிநீருக்காக 2018 தீர்ப்பு கூடுதலாக 4.75 டி.எம்.சி. ஒதுக்கியதையும் சேர்த்துக்கொண்டான். அவன் கருத்து மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். எதிர்த்தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு என்பதை அவன் கையாலேயே எழுதினான், அது போதும்.

எதிர்பாராத வெளிச்சம் புதுச்சேரிக் குழுவிலிருந்து வந்தது. அந்த 7 டி.எம்.சி. காரைக்காலுக்கானது, தமிழ்நாட்டைக் கடந்துதான் அங்கே போய்ச் சேர வேண்டும். காரைக்காலில் உறவினர் உள்ள மாணவி ஒருத்தி எழுந்து சொன்னாள்: “காரைக்கால் நமக்கும் கீழே இருக்கிறது டீச்சர். அவர்களுக்கு நாம்தான் கர்நாடகா.”

வகுப்பு சட்டென்று அடங்கியது. பிறகு ஒருவன் கல்லணைக்கு அருகிலுள்ள ஊர்களையும் தன் கடைமடை ஊரையும் ஒப்பிட ஆரம்பித்தான். ஒரே மாநிலத்துக்குள், ஒரே வாய்க்காலில்கூட, மேல்மடையும் கடைமடையும் சண்டை போடுவதை அவர்கள் அறிவார்கள். தமிழன், கன்னடன் என்று தொடங்கிய பேச்சு மேட்டில் இருப்பவன், பள்ளத்தில் இருப்பவன் என்ற இடத்துக்கு வந்து நின்றது. மொழிப்பகை என்று நினைத்திருந்தது நிலத்தின் சரிவிலிருந்து எழும் சிக்கல் என்று தெரிந்தது. எந்த அறிவுரையாலும் இதைச் செய்திருக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாம் பாடவேளை: உரிமையும் உடைமையும்

பாடநூலின் முன்பக்கங்களைத் திறக்கச் சொன்னார். தேசிய ஒருமைப்பாட்டு உறுதிமொழி அங்கே அச்சாகியிருக்கிறது. சமயம், மொழி, வட்டாரம் காரணமாக எழும் பூசல்களுக்கு அமைதி வழியிலும் அரசியலமைப்பின் வழியிலும் தீர்வு காண்பேன் என்பது அதன் சாரம். ஆண்டுதோறும் புதுப் புத்தகத்தில் வரும் அந்தப் பக்கத்தை மாணவர்கள் அன்றுதான் ஒரு வழக்கோடு பொருத்திப் படித்தார்கள். ‘வட்டாரம்’ என்ற இடத்தில் ஒருத்தி பென்சிலால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் ‘காவிரி’ என்று எழுதியதைப் பார்த்தேன்.

பல மாநிலங்களில் ஓடும் ஆற்றின் நீர் தேசத்தின் சொத்து, எந்த ஒரு மாநிலமும் அதைத் தனக்கே உரியது என்று சொல்ல முடியாது என்ற கருத்தை 2018 தீர்ப்பு வலியுறுத்தியது. அதை ஆசிரியை சொன்னதும் ஒரு கேள்வி வந்தது: “தேசத்தின் சொத்து என்றால் நமக்கு உரிமை இல்லையா டீச்சர்?” அவர் விடை சொல்லாமல் வகுப்பிடமே விட்டார். ஒரே தீர்ப்புதான் தேசத்தின் சொத்து என்றும் சொல்கிறது, நமக்கு 404.25 என்றும் சொல்கிறது. பொதுவானது என்பதால்தான் பங்கு போட வேண்டியிருக்கிறது, தனிச் சொத்தாக இருந்தால் பங்கே வராது என்று வாதம் வளர்ந்தது. தேசத்தைச் சேர்ந்தவர்களாக இருப்பதும் நம் பங்கை விடாமல் கேட்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்ற புரிதல் அங்கே கருக்கொண்டது. ஒற்றுமையின் பெயரால் மாணவனின் நியாயமான குறையை வாயடைக்கும் கல்வி, ஒற்றுமைக்கே கேடு செய்கிறது என்பது என் கருத்து.

இதற்கு நடுவே ஒரு மாணவி தன் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னாள். அவர் லாரி ஓட்டுநர். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிக்கப்பட்டபோது ஓசூரில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தவர். “அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை” என்றாள். அதே வாரத்தில் தமிழ்நாட்டிலும் கர்நாடகப் பதிவெண் வண்டிகள் தாக்கப்பட்டன என்று ஆசிரியை சேர்த்தார். ஆனால் உடனே சமாதானத்துக்கு அவசரப்படவில்லை. “உன் சித்தப்பாவின் கோபம் நியாயம்தான் அம்மா. அது யார் மேல் போக வேண்டும் என்பதுதான் கேள்வி” என்று மட்டும் சொல்லி நிறுத்தினார். அதைத் தீர்த்துவைக்காமல் விட்டது சரி என்றே நினைக்கிறேன்.

இறுதியில் இரண்டு தகவல்களைத் தந்தார். ஐப்பசி பிறக்கும்போது தலைக்காவிரியில் துலா சங்கிரமணம். குடகு மக்களுக்குக் காவிரி தெய்வம். அதே ஐப்பசி முழுக்க மயிலாடுதுறையில் துலா நீராடல், கடைசி நாளில் கடைமுழுக்கு. ஆற்றின் இரு கோடியிலும் ஒரே மாதம். மயிலாடுதுறைக் கடைமுழுக்கைத் தெரிந்த மாணவர்கள் குடகைக் கேள்விப்பட்டதில்லை. இரண்டாவது, 2003-இல் சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் முயற்சியோடு இரு மாநில உழவர்களும் ஒன்றுகூடி ‘காவிரிக் குடும்பம்’ என்ற பேச்சுக்குழுவைத் தொடங்கியது. வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோதே உழவர்கள் ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்தார்கள் என்பதை மாணவர்கள் நம்பமுடியாமல் கேட்டார்கள்.

பட்டிமன்றம் ஏன் உதவாது

இந்தப் பாடத்தைப் பற்றிச் சொன்னபோது பல ஆசிரியர்கள், “பட்டிமன்றமாக வைத்திருக்கலாமே” என்றார்கள். பட்டிமன்றம் நம் பள்ளிகளுக்குப் பழக்கமான வடிவம், பேச்சாற்றலை வளர்ப்பது. ஆனால் அதில் அணி முதலிலேயே முடிவாகிவிடுகிறது. பேச்சின் நடுவில் மனம் மாறினால் அது தோல்வி. கைதட்டல் எங்கே விழுமோ அங்கே சொற்கள் ஓடும். நடுவர் தீர்ப்புச் சொன்னதும் கேள்வி மூடப்படும். காவிரி போன்ற பொருளில் இது புண்ணைக் கிளறிவிட்டுப் போகும்.

வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்த நீல் மெர்சர் அதை மூன்றாகப் பிரிக்கிறார்: தன் பக்கத்தையே பிடித்துக்கொண்டு மோதும் பேச்சு, ஒருவர் சொன்னதற்கு ஆமாம் போட்டு அடுக்கிக்கொண்டே போகும் பேச்சு, காரணம் கேட்டு, காரணம் சொல்லி, சேர்ந்து தேடும் பேச்சு. பட்டிமன்றம் முதல் வகை. தேசபக்திச் சொற்பொழிவுக்குப் பிறகு வகுப்பில் நடப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை. இந்த நான்கு பாடவேளைகளில் மூன்றாம் வகை எப்போதும் இருந்தது என்று சொல்லமுடியாது. ஆனால் சான்றுத் தாள் மேசையில் இருந்த வேளைகளில் அது தலைகாட்டியது, தாள் மூடப்பட்டதும் முதல் வகைக்கே திரும்பியது. சான்றில்லாத உரையாடலில் மதிப்புகள் வெறும் முழக்கங்களாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி எனக்குக் கிடைத்ததில்லை.

இடறிய இடங்கள்

பேசியவர்கள் எல்லா நாளும் ஏறத்தாழ அதே மாணவர்கள். உழவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. நிலமில்லாக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் வாய் திறக்கவில்லை. தண்ணீர் வராத ஆண்டில் முதலில் வேலை இழப்பது அவர்கள் வீடுகள்தான். குழுப் பணியில் ‘நாற்று நடும் தொழிலாளி’ என்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தால் அவர்கள் அனுபவமும் சான்றாக மேசைக்கு வந்திருக்கும்.

தலைமையாசிரியருக்கு இது அரசியலாகிவிடுமோ என்ற கவலை இருந்தது. அதனால் கட்சிப் பெயர், தலைவர் பெயர் எதுவும் வகுப்பில் வரக்கூடாது என்று ஆசிரியை முதல் நாளே விதி வைத்தார். விதி நல்லதுதான். ஆனால் 1924 ஒப்பந்தத்தின் ஐம்பது ஆண்டு 1974-இல் முடிந்த பிறகு ஏன் புதிய உடன்பாடு எட்டப்படவில்லை என்று ஒரு மாணவன் கேட்டபோது, அந்த விதிக்குள் நின்று விடை சொல்ல வழியில்லாமல் போனது.

பற்றாக்குறை ஆண்டின் கணக்கும் பாதியில் நின்றது. மழை குறைந்தால் எல்லோர் பங்கும் விகிதப்படி குறைய வேண்டும் என்பது நடுவர் மன்றத் தீர்ப்பு. ஆனால் 2023 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் விநாடிக்கு 5,000 கன அடி விடச் சொன்ன காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தின் உத்தரவு கர்நாடகத்தில் முழு அடைப்புவரை போனது. ‘விகிதம் என்று எழுதியிருக்கும்போது ஏன் சண்டை?’ என்ற கேள்விக்கு இன்னும் ஒரு பாடவேளை தேவைப்பட்டிருக்கும். பொதுத்தேர்வு நெருங்கும் வகுப்பில் நான்கு பாடவேளைகள் கிடைத்ததே பெரிது.

எழுத்தில் வந்தவை

நான்காம் பாடவேளையில், மாண்டியாவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவனுக்கோ மாணவிக்கோ கடிதம் எழுதச் சொன்னார். சில கடிதங்கள் பாடநூல் நடையிலேயே இருந்தன. சில, ‘எங்கள் பங்கை விடுங்கள்’ என்று நேரடியாகக் கேட்டன. ஆசிரியை அவற்றையும் நல்ல கடிதங்களாகவே ஏற்றார், எண்களும் மாதங்களும் சரியாக இருந்ததால். மதிப்பிடும்போது அவர் பார்த்தது மூன்று: சான்று இருக்கிறதா, எதிர்த்தரப்பின் தேவை ஒன்றாவது குறிப்பிடப்பட்டிருக்கிறதா, தீர்வு சட்ட வழியில் இருக்கிறதா. பாசத்தின் அளவுக்கு மதிப்பெண் இல்லை. நாட்டுப்பற்றை அளந்து மதிப்பெண் போட ஆரம்பித்தால் மாணவர்கள் நடிக்கக் கற்றுக்கொள்வார்கள் என்பதால் இதை முழுமனத்தோடு வரவேற்கிறேன்.

கர்நாடகக் குழுவில் இருந்த அந்த மாணவனின் கடிதம் சிறியது. 2023-இல் தன் அப்பாவின் குறுவை போனதை இரண்டு வரியில் எழுதிவிட்டு, ‘அந்த வருடம் உங்கள் வயல் என்ன ஆனது? உங்கள் ஊரில் எந்த மாதம் நாற்று விடுவீர்கள்?’ என்று கேட்டிருந்தான்.

ஆசிரியை அடுத்ததாக எடுக்க நினைப்பது கிருஷ்ணா நீர். சென்னையின் குடிநீருக்காக மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் தத்தம் கிருஷ்ணா பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. தர 1976-இல் ஒப்புக்கொண்டன. வழியில் ஏற்படும் இழப்பு போக 12 டி.எம்.சி. என்று 1983 ஒப்பந்தம் வகுத்தது. 1996-இல் அந்த நீர் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்தை அடைந்தது. கர்நாடகமும் அந்த மூன்றில் ஒன்று. பாடக்குறிப்பில் அவர் எழுதிவைத்திருக்கும் முதல் வினா, ‘ஆற்றுப்படுகையிலேயே இல்லாத ஒரு நகரத்துக்கு மூன்று மாநிலங்கள் ஏன் தண்ணீர் தர வேண்டும்?’ என்பது. அதற்கான மாநில எல்லைகள் இல்லாத வரைபடத்தை மாணவர்களே வரைந்துகொண்டிருக்கிறார்கள்.